அயற்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு

காணி துப்புரவாக்கவும் கூலி வேலைக்கும் போகும் தாய்மார் தங்கள் பிள்ளைகளை உங்களிடம் விட்டுச் செல்கிறார்களா? நாலைந்து பிள்ளைகள்தானே என்று இருந்துவிடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். முன்பள்ளியாகவே நடத்த விரும்பினால், பிரதேச செயலகத்திலுள்ள முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பதிவு பற்றிக் கேளுங்கள். முன்பள்ளி மாகாண சபைக்குரிய விடயம். வேறு மாகாணத்தில் இருந்தபோது கேள்விப்பட்ட விதியை இங்கே நம்பியிருக்க வேண்டாம்.

பார்வையிட வருகிறார்கள் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். பெயர் பதிவதென்றாலே நடுங்கிய காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு அது இயல்புதான். ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முக்கியமாகப் பார்ப்பது உங்கள் கிணற்றையும் மலசலகூடத்தையும். நெடுநாள் பாவிக்காத கிணறென்றால் இறைத்துத் துப்புரவாக்குங்கள். குளோரின் இடும் அளவை அவரிடமே கேட்டறியலாம். கட்டில்லாத கிணற்றைச் சுற்றி வேலி அடைப்பதற்கு மட்டும் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே அடையுங்கள்.

ஒரு கொப்பியில் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, கூட்டிச்செல்ல வருபவரின் பெயர் என்பவற்றை எழுதி வையுங்கள். அது போதும், அச்சிட்ட பதிவேடு தேடி அலைய வேண்டாம். இடப்பெயர்வில் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைத் தொலைத்த பிள்ளையின் தாயைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அனுப்புங்கள். போட்ட தடுப்பூசிகளில் நினைவிலுள்ளதை அவர் சொல்லட்டும்.

விளையாட்டிடத்தைத் தெரிவுசெய்யுமுன் கண்ணிவெடி அகற்றி முடிந்த எல்லை எதுவென்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். மண்டையோட்டுப் பலகை விழுந்து கிடந்தாலும் அந்தக் காணி துப்புரவானதென்று அர்த்தமில்லை.