இடமும் வலமும் அறிந்த நொதி

கேள்வி: டொலுயீனைத் தின்னும் பாக்டீரியாவால் மருந்து வேதியியலுக்கு என்ன பயன்?

பதில்: பெரும் பயன் உண்டு. சூடோமோனாஸ் புடிடா என்ற மண் பாக்டீரியாவில் டொலுயீன் டைஆக்சிஜனேஸ் என்ற நொதி இருக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் அது டொலுயீன் வளையத்தின் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த கார்பன்களில் பொருத்துகிறது. நொதியின் குழிக்குள், இரும்பு அணுவின் அருகே, வளையம் குறிப்பிட்ட ஒரு விதமாகவே அமர்கிறது. அதனால் இடக்கை, வலக்கை போன்ற இரு வடிவங்களில் ஒன்று மட்டுமே உருவாகிறது.

இப்படி உருவாகும் டையாலையும் (இரண்டு OH தொகுதிகள் கொண்ட சேர்மம்) பாக்டீரியா உடனே சிதைத்துவிடும். அதைச் சிதைக்கும் அடுத்த நொதி செயல்படாத திரிபு வகையைக் கொண்டு, 1970-இல் ஆய்வாளர் டேவிட் கிப்சன் குழுவினர் அதைத் திரட்டிக் காட்டினார்கள். பின்னாளில் இத்தகைய டையால்களிலிருந்து மார்ஃபின் குடும்பச் சேர்மங்கள்கூடத் தயாராயின. ஒரே வடிவ டையாலை உருவாக்கும், ஆய்வகத்துக்குக் கடினமான இந்த வேலையை நுண்ணுயிர் தண்ணீரில், சாதாரண வெப்பத்தில் செய்துமுடிக்கிறது.