மலரில் இருப்பவர் எங்கள் கொள்ளுத்தாத்தாவா?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா ராமசாமி 1912இல் ரஜூலா கப்பலில் வந்து, தேக்காவில் மாடு வைத்துப் பால் விற்றார் என்று அப்பத்தா சொல்வார். சிராங்கூன் ரோட்டுக் கோயில் ஒன்றின் பழைய கும்பாபிஷேக மலரில் சில பக்கங்களின் நகல் இப்போது கிடைத்திருக்கிறது. நன்கொடைப் பட்டியலில் 'மு. ராமசாமி, பால் வியாபாரம்' என்று இருக்கிறது. இதை வைத்து வம்சாவளி எழுதிவிடலாமா?
- வாசகி, சிங்கப்பூர்

பதில்: இப்போதே எழுதிவிடாதீர்கள், அம்மா. முதலில் கப்பலைப் பார்ப்போம். ரஜூலா கட்டப்பட்டது 1926இல். 1912இல் அதில் யாரும் வந்திருக்க முடியாது. அதற்காக அப்பத்தாவின் பேச்சைத் தள்ளிவிட வேண்டாம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அது பல்லாண்டுகள் ஓடியதால், பல வீடுகளில் கப்பல் என்றாலே ரஜூலாதான். கொள்ளுத்தாத்தா ஊருக்குப் போய்த் திரும்பிய பிந்தைய பயணம் ஒன்று அந்தக் கப்பலில் நடந்திருக்கலாம். "அவர் எத்தனை தடவை ஊருக்குப் போனார்?" என்று அப்பத்தாவிடம் கேளுங்கள். வருஷத்தைக் கேட்டால் குழம்புவார்கள். எந்தப் பிள்ளை பிறந்த சமயம் என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

அடுத்தது அந்த 'மு.' நம் வழக்கத்தில் தலைப்பெழுத்து பெரும்பாலும் அப்பா பெயரின் முதல் எழுத்து. ராமசாமியின் அப்பா பெயரை நீங்கள் எழுதவில்லை. முத்துசாமி, முனியாண்டி என்றால் ஒரு படி ஏறிவிட்டீர்கள். வீரப்பன் என்றால் மலரில் இருப்பவர் வேறு ராமசாமி. அந்தக் காலத்துச் சிராங்கூன் ரோட்டில் ராமசாமிகளுக்குப் பஞ்சமில்லை, பால்காரர்களுக்கும் பஞ்சமில்லை.

உங்கள் தாத்தா இங்கே பிறந்தவர் என்றால் அவருடைய பிறப்புச் சான்றிதழைத் தேடுங்கள். இங்கே பிறப்புப் பதிவு 1872 முதலே கட்டாயம். ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதனால் ராமசாமி, ராமசாமீ, ராமஸ்வாமி, ராமசாவ்மி என்று எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும்.

பழைய நூல்கள் என்றதும் பலர் பக்லி 1902இல் வெளியிட்ட சிங்கப்பூர் வரலாற்றைத் தேடி ஓடுகிறார்கள். அது 1867உடன் முடிந்துவிடும், உங்களுக்கு உதவாது. 1921இல் வந்த சிங்கப்பூர் நூற்றாண்டு வரலாற்றுத் தொகுதிகளில் அதிகாரிகளும் பெரிய வணிகர்களும்தான் நிறைந்திருக்கிறார்கள். இலங்கைத் தமிழர்களுக்குத் துரைராஜசிங்கம் 1968இல் நூறாண்டு வரலாறு ஒன்றைத் தொகுத்து வைத்தார். மாடு கறந்து பிழைத்தவர்களுக்கு அப்படி யாரும் செய்யவில்லை. அதனால்தான் உங்கள் கையில் இருக்கும் மலர் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களில் மரண அறிவிப்புகளையும் நன்கொடைப் பட்டியல்களையும் புரட்டுங்கள். விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் அவை இருக்கின்றன.

மலரிலேயே ஒன்று கவனியுங்கள். ராமசாமி பெயருக்குப் பின்னால் 'நினைவாக' என்ற சொல் இருக்கிறதா? இருந்தால் ராமசாமி அப்போது உயிரோடு இல்லை, பணம் கட்டியவர் பிள்ளையாக இருக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் ஊர் போட்டிருந்தால் அதுதான் பெரிய புதையல். அந்த ஊருக்குப் போய்க் குலதெய்வக் கோயிலிலும் பங்காளிகளிடமும் விசாரிக்கலாம். ஆனால் மலரைக் காட்டிக் கேட்காதீர்கள். காட்டினால் அதையே திருப்பிச் சொல்வார்கள், உங்களுக்குப் புதிதாகச் சாட்சி கிடைக்காது. அப்பா பெயர், ஊர், தொழில் மூன்றும் தனித்தனி இடங்களிலிருந்து பொருந்தி வந்தால் எழுதுங்கள். அதுவரை பென்சிலில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் அனுப்பிய நகலில் அட்டையும் இல்லை, வருஷம் போட்ட பக்கமும் இல்லை. முழு மலர் யாரிடம் இருக்கிறது என்று நகல் கொடுத்தவரிடமே கேளுங்கள். அவர்கள் வீட்டில் அதைப் பாதுகாக்க வழியில்லையென்றால், பழைய பேப்பரோடு போவதற்கு முன் தேசிய நூலகத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.