படகு இன்ஜினுக்குக் கேம்ஷாஃப்ட் வாங்கப் போறீங்களா?

மிசௌரியின் ஓசார்க்ஸ் ஏரியிலோ அரிசோனாவின் ஹவாசு ஏரியிலோ லீவு நாளில் படகை இறக்குகிறவர்களுக்கு மெர்குரூசர் 5.7 இன்ஜின் நன்றாகப் பழகிய பெயர். உள்ளே இருப்பது ஷெவர்லேயின் 350 வி8தான். ஓவர்ஹாலுக்குப் பிரிக்கும்போது, "அப்படியே ஒரு நல்ல கேமும் போட்டுடலாமே" என்று ஆசை வரும். தாராளமாகப் போடுங்கள், அதற்கு முன் இதையும் பாருங்கள்.

1. கேட்டலாக்கைப் புரட்டுமுன், ஃபுல் திராட்டிலில் உங்கள் படகு எத்தனை ஆர்.பி.எம். தொடுகிறது என்று குறித்து வையுங்கள். கார்பரேட்டர் வைத்த 5.7க்குக் கம்பெனி சொல்லும் வரம்பு 4,400 முதல் 4,800 வரை. 5,800ல் உச்ச பவர் தரும் கேமை வாங்கினால் அந்த உச்சத்தைப் படகு எட்டவே எட்டாது. தண்ணீரில் போட்ட காசுதான்!

2. காருக்குச் சமவெளி உண்டு, இறக்கம் உண்டு. படகோ எந்நேரமும் லோடு ஏற்றிய லாரி மலைப்பாதை ஏறுகிற மாதிரிதான் உழைக்கிறது. ஆகவே 2,500க்கும் 4,500க்கும் நடுவில் நன்றாக இழுக்கும் கேமைக் கேளுங்கள், குதிரைசக்தி எண்ணில் மயங்க வேண்டாம்.

3. முக்கியமான விஷயம் இதுதான். படகில் எக்ஸாஸ்ட் புகையோடு குளிர்விக்கும் தண்ணீரும் கலந்து வெளியேறுகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம், அதாவது ஓவர்லாப், அதிகமானால் ஸ்லோ ஸ்பீடில் அந்தத் தண்ணீரை இன்ஜின் பின்னோக்கி உறிஞ்சிவிடும். முதலில் வால்வு துருப்பிடிக்கும், அப்புறம் சிலிண்டரில் தண்ணீர் நின்று கனெக்டிங் ராடே வளையும். ஸ்டாக் எக்ஸாஸ்ட் என்றால் லோப் செபரேஷன், அதாவது இன்டேக் லோப் நடுவுக்கும் எக்ஸாஸ்ட் லோப் நடுவுக்கும் உள்ள கோணம், 112 டிகிரிக்குக் குறையாமல் வாங்குங்கள், 114 என்றால் இன்னும் நிம்மதி. 0.050 அங்குல லிஃப்டில் டியூரேஷன், அதாவது வால்வு திறந்திருக்கும் அளவு, 210லிருந்து 220 டிகிரி 350க்குத் தாராளம்.

4. புகை ப்ரொப்பெல்லர் நடுவழியாகப் போகிற படகா? அந்தச் சின்ன வழியில் பெரிய கேமின் பலன் எல்லாம் அடைபட்டுவிடும். எக்ஸாஸ்டை மாற்றுகிற எண்ணம் இல்லையென்றால் சின்ன கேமே போதும்.

5. ஆர்டர் போடுமுன் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, லிஃப்டர் எந்த ரகம் என்று கண்ணால் பாருங்கள். 1987ல் ஷெவர்லே கார்களின் 350க்கு ரோலர் லிஃப்டர் வந்தாலும், ட்ரக்குகளுக்குப் பல வருஷம் பழைய தட்டை ரகமே போய்க்கொண்டிருந்தது. படகிலும் இரண்டும் கிடக்கும், வருஷத்தை மட்டும் நம்பாதீர்கள். ரோலர் கேமின் முன்மூக்கு வேறு மாதிரி, டைமிங் செயின் செட்டும் அதற்கேற்றதாக வேண்டும்.

6. பிரிக்கும்போது முட்டை அட்டை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் நம்பர் எழுதி, 16 லிஃப்டரையும் வரிசையாக உட்கார வையுங்கள். ரோலர் லிஃப்டர் நல்ல நிலையில் இருந்தால் புது கேமோடும் ஓடும், செலவு மிச்சம். தட்டை லிஃப்டரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பழையது ஏறினால் புது கேமின் லோப் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

7. பழைய இரட்டை இன்ஜின் படகுகள் சிலவற்றில் ஓர் இன்ஜின் எதிர்ப்பக்கம் சுற்றும், அதற்குக் கேம் தனி. கடையில் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

8. மெர்குரூசரின் ஆல்ஃபா ஒன் டிரைவ் வைத்திருக்கிறவர்கள் ஐட்லிங்கையும் யோசிக்க வேண்டும். பெரிய கேம் 900, 1,000க்குக் கீழே நிற்காமல் அடம்பிடிக்கும், கியர் போடும்போதெல்லாம் 'டொக்'கென்று டாக் கிளட்ச் அடிவாங்கும். கேமில் கூடும் பத்துக் குதிரைசக்தி டிரைவ் ரிப்பேர் பில்லுக்குக் காணாது.

9. வால்வு ஸ்பிரிங்கைக் கேமோடு ஜோடியாகவே வாங்குங்கள், பழைய ஸ்பிரிங் அதிக லிஃப்டைத் தாங்காது. பிஸ்டனில் வால்வு இடிக்குமா என்று பார்க்க, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, லேசாக எண்ணெய் தடவி, ஹெட்டை மாட்டி இரண்டு சுற்று கையாலேயே சுற்றுங்கள். திரும்பக் கழற்றி, களிமண்ணை பிளேடால் குறுக்கே வெட்டிக் கனத்தை அளக்கலாம். இன்டேக் பக்கம் 0.080, எக்ஸாஸ்ட் பக்கம் 0.100 அங்குலம் இருந்தால் கவலையில்லை. ஹைட்ராலிக் லிஃப்டர் அமுங்கிப் பொய்க்கணக்குக் காட்டும் என்பதால், சோதிக்கிற வரைக்கும் வால்வுக்கு மெல்லிய ஸ்பிரிங் போட்டுக்கொள்ளுங்கள்.

10. தட்டை லிஃப்டர் கேமை முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் ஐட்லிங்கில் விடாதீர்கள். 2,000க்கு மேலே ஏற்றி இறக்கி 20 நிமிஷம் ஓடட்டும், ஆயிலில் துத்தநாகம் கலந்த சேர்க்கை இருக்கட்டும். தோட்டக் குழாய்த் தண்ணீர் இந்த வேகத்துக்குப் போதாது. படகை ஏரியில் இறக்கிக் கட்டிவிட்டு நியூட்ரலில் ஓட்டுவதே நல்லது, இல்லாவிட்டால் பம்ப் இம்பெல்லர் கருகிப்போகும்.

11. முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். நுனியில் துருப்புள்ளி தெரிந்தால் தண்ணீர் உள்ளே வருகிறது. உடனே கேமைத் திட்டாமல், எக்ஸாஸ்ட் ரைசரும் அதன் கேஸ்கெட்டும் அரித்துப்போயிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

12. சிக்கனம் பார்க்கக்கூடாத இன்னோர் இடமும் உண்டு. கார் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் தீப்பொறி வெளியே வராத கட்டமைப்பு அவற்றில் கிடையாது. படகின் அடியில் பெட்ரோல் ஆவி தேங்கும். அமெரிக்காவில் பெட்ரோல் படகுக்கு இந்தப் பாதுகாப்பு சட்டப்படி கட்டாயம்.

13. கடைசியாக, கேமுக்குப் பணம் கட்டுமுன் நண்பரிடம் ஓர் அங்குலம் பிட்ச் குறைந்த ப்ரொப்பெல்லரை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். ஆர்.பி.எம். 150, 200 ஏறும், பிக்கப்பும் தேறும். அதிலேயே படகு உங்களுக்குத் திருப்தியாக ஓடினால், பழைய கேமைத் தொடவே வேண்டாம்.