துளிர் மாதத்து வீட்டு வேலையும் மூன்றாம் நாள் காய்ச்சலும்



தைப்பூசம் கழிந்து மாசி பிறந்தால் கித்தாக் காடு இலை உதிர்த்து நிற்கும். பிறகு செந்துளிர் விடும். பால் குறையும், வெட்டும் குறையும். கை சற்று ஓயும் இந்த நாட்களில்தான் பாகான் செராய் வட்டாரத்துத் தோட்டங்களில் வீட்டு வேலை தொடங்கும். வேலி கட்டுவது, கோழிக்கூண்டு செப்பனிடுவது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, முருங்கைக் கொம்பு ஊன்றுவது என்று வேலைக்குக் குறைவிருக்காது. கித்தாவை அழித்துச் செம்பனை நட்ட தோட்டத்தில் இருப்பவரும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவரும் இந்த மாதங்களில் வீட்டைச் சுற்றி ஏதாவது செய்யத்தான் செய்வார்கள்.

அந்த வேலைகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு பிரஷும் ஒரு வாளியும் போதும். அதைச் செய்யாமல் விட்டால் வருவது டிங்கிக் காய்ச்சல்.

எந்தத் தண்ணீரில் கொசு?

கொசு என்றதும் நாம் சாக்கடையையும் வயலையும் கைகாட்டுகிறோம். நம் கிரியான் வட்டாரத்தில் தண்ணீருக்கா பஞ்சம்? 1906-இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் கட்டி முடிந்ததிலிருந்து வாய்க்காலும் வயலுமாகத்தான் ஊர் இருக்கிறது. ஆனால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் அந்தப் பெரிய தண்ணீருக்குப் போவதில்லை. அதற்கு வேண்டியது, வீட்டை ஒட்டி அசையாமல் கிடக்கும் கொஞ்சம் தெளிந்த தண்ணீர். ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவே போதும்.

உடம்பிலும் காலிலும் வெள்ளை வரி போட்ட கறுப்புக் கொசு அது. பகலில் கடிக்கும். விடிந்த பிறகு சில மணி நேரமும், சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பும் அதன் கடி அதிகம். "ராத்திரி கொசுவலை கட்டித்தானே படுக்கிறோம்" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. பெரட்டு முடிந்து நாம் காட்டுக்குள் போகும் நேரமும், பிள்ளைகள் வாசலில் விளையாடும் நேரமும் அதற்கு வேட்டை நேரம்.

ஏன் இந்த மாதத்திலேயே?

இந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. காய்ந்தபடியே மாதக் கணக்கில் கிடக்கும். அடுத்த மழையில் தண்ணீர் ஏறி முட்டையைத் தொட்டதும் புழு வெளிவரும். ஏழு முதல் பத்து நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும்.

வெயில் நாளில் காய்ந்து கிடக்கும் வாளியைப் பார்த்து, "இதுல தண்ணியே இல்லியே" என்கிறோம். தண்ணீர் இல்லாவிட்டாலும் முட்டை இருக்கலாம். பங்குனி, சித்திரையில் இடியோடு மழை இறங்கும் முன்பே உட்சுவரைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. அழுத்தித் தேய்த்தால்தான் முட்டை போகும்.

எங்கெங்கே பார்ப்பது?

வீட்டுக்குள்: குளியலறைத் தொட்டி, மூடாத தோம்பு, சாமி மாடத்துப் பூச்சாடி, எறும்பு ஏறாமல் அலமாரிக் காலுக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணம், ஐஸ்பெட்டியின் பின்தட்டு.

வெளியே: பூந்தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, பழைய டயர், பெயின்ட் டின், வெட்டிய மூங்கில் கட்டை, இலை அடைத்த கூரைப் பீலி.

காட்டில்: வெட்டு நிறுத்திய மரங்களில் மங்கைக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்ந்திருக்கும் ஒவ்வொரு மங்கும் மழை பெய்தால் ஒரு கொசுத் தொட்டிதான். செம்பனையில் வேலை செய்பவர்கள் காலி உர வாளியைக் காட்டிலேயே போட்டுவிட்டு வரக் கூடாது.

முதல் தடவை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு வாரம் ஒரு நாள், ஞாயிறு காலையில் அரை மணி நேரம், சுற்றிப் பார்த்தால் போதும். கொசுவாக ஏழு நாளாவது வேண்டுமே, அதற்குள் நாம் முந்திக்கொள்ளலாம். கொட்ட முடியாத தொட்டிக்கு ஏபேட் மருந்து இருக்கிறது: 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம்.

நம் ஊர்ப் பெயரிலேயே செராய் இருக்கிறது. வாசலில் செராய் நட்டால் கொசு அண்டாது என்று சொல்பவர்கள் உண்டு. தாராளமாக நடுங்கள், ரசத்துக்கும் தேநீருக்கும் ஆகும். ஆனால் செடி சும்மா நிற்பதால் கொசு ஓடிவிடாது. செடிக்குப் பக்கத்தில் கிடக்கும் சிரட்டையைக் கவிழ்த்தால்தான் பலன்.

காய்ச்சல் வந்துவிட்டால்

கொசு கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் காணும். சூடு நெருப்பாய்க் கொதிக்கும். தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, குமட்டல் வரும். சிலருக்குச் செம்புள்ளி படரும்.

புள்ளியைக் கண்டதும் "ஆத்தா வந்திருக்கா" என்று வேப்பிலை செருகிப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். வேப்பிலை வாசலில் இருக்கட்டும், பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

சூட்டுக்குப் பனடோல் மட்டும் கொடுக்கலாம். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு, அதை மருத்துவரிடமோ மருந்துக் கடையிலோ கேளுங்கள். ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் வேண்டாம். அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தும்.

வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல் கஞ்சித் தண்ணீர், இளநீர், பார்லித் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று அடிக்கடி கொடுங்கள். பப்பாளி இலைச் சாறு குடிக்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. அதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

வயலிலோ செம்பனைக் காட்டிலோ காலில் புண்ணோடு வேலை செய்தவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எலியின் மூத்திரத்தால் பரவும் காய்ச்சலும் தொடக்கத்தில் இப்படியேதான் இருக்கும்.

சூடு தணியும் நாளே ஆபத்து நாள்

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். மற்றக் காய்ச்சலில் சூடு இறங்கினால் "நல்லாயிடுச்சு" என்கிறோம். டிங்கியில் அப்படியில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு தணியும்போதுதான் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். சூடு விட்டது என்று பள்ளிக்கு அனுப்பவோ வேலைக்குப் போகவோ கூடாது.

காய்ச்சல் கண்ட முதல் நாளை நாள்காட்டியில் எழுதி வையுங்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும், நடுராத்திரி என்றாலும் பார்க்காமல், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்:

1. கடுமையான வயிற்று வலி.
2. விடாத வாந்தி.
3. பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அல்லது கறுத்த மலம்.
4. கை கால் சில்லிட்டு வியர்ப்பது, மூச்சு வாங்குவது.
5. பிள்ளை சோர்ந்து கிடப்பது, அல்லது நிலைகொள்ளாமல் அழுவது.
6. நான்கு முதல் ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமலிருப்பது.

சம்பளம் போகுமே என்று தயங்காதீர்கள்

"ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னிக்குப் பேரு விழாது" என்று காய்ச்சலோடு காட்டுக்குப் போகிறவர் இன்னும் இருக்கிறார். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உங்கள் உரிமை. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகாதவருக்கு 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. மருத்துவரின் எம்.சி. வாங்குங்கள், 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் சிரட்டை நம் பொறுப்பு. குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வராததால் தோம்பில் பிடித்து வைக்கும் நிலை நம் குற்றமல்ல. தோட்டக் குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீர் தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1990-ஆம் ஆண்டு குடியிருப்பு வசதிச் சட்டம் சொல்கிறது. குறை இருந்தால் கிளைத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள்.

ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை. பக்கத்து வீட்டு டயரில் பிறந்த கொசு நம் வீட்டுப் பிள்ளையைத்தான் கடிக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை லயம் முழுவதும் கூடி கோத்தோங் ரோயோங்காக ஒரு காலை வேலை செய்யுங்கள். முதல் மழை விழும்போது உங்கள் வாசலில் நிமிர்ந்த பாத்திரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.