சென்னையின் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பார்க்கப் போகிறீர்களா?

ஆவடி, அம்பத்தூர் பக்கத்தில் இருப்பவர்கள் மின்சார ரயிலில் ஏறி, கொரட்டூருக்கு அடுத்த வில்லிவாக்கத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஆட்டோ பிடித்து, நியூ ஆவடி ரோட்டிலுள்ள ரயில் அருங்காட்சியகம் என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

தொழிற்சாலைக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்த அந்த ஆலையில் இன்றும் வேலை நடக்கிறது, அனுமதி வேண்டும். ஆகவே ஆலையை, அருங்காட்சியகத்தில் நிற்கும் அதன் பெட்டிகளிலும் அதன் ஊழியர் காலனியிலும்தான் பார்க்க வேண்டும்.

குழந்தைகளோடு போனால் முதலில் அருங்காட்சியகத்தின் பொம்மை ரயிலில் ஒரு சுற்று ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எதையும் நின்று பார்க்க விடமாட்டார்கள். 1895-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த ஃபௌலர் நீராவி எந்திரத்தைத் தவறவிடாதீர்கள். அது ரயில் இழுக்கச் செய்ததல்ல, வயல் உழச் செய்தது!

பிறகு பெட்டிகளுக்கு வாருங்கள். பெயின்டைப் பார்க்காமல் குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பழைய நாளில் இரும்புச் சட்டத்தின் மேல் மரக்கூண்டை உட்கார வைத்துப் பெட்டி செய்தார்கள். மோதினால் கூண்டு நொறுங்கிவிடும். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்திடம் கற்று ஐ.சி.எஃப் செய்ததோ எஃகுக் கூடு. அடிச்சட்டம், சுவர், கூரை மூன்றும் ஒன்றாகப் பளுவைத் தாங்கும். தொடக்கத்தில் வெறும் கூடுதான் இங்கே தயாரானது. இருக்கை, விளக்கு, மின்விசிறி பொருத்தும் ஃபர்னிஷிங் பிரிவு 1962-இல்தான் வந்தது.

பெட்டியின் முனையில் இரண்டு பக்கமும் பஃபர் இருந்தால் அது பழைய ஐ.சி.எஃப் வகை. நடுவில் ஒற்றைக் கொக்கி மட்டும் இருந்தால் அது புதிய எல்.எச்.பி. வகை. பழைய வகையின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளிவந்தது; பின்னால் வந்தே பாரத் ஆன 'ட்ரெயின் 18'-உம் அதே ஆண்டில் இங்கேதான் உருவானது.

வெயில் தாழ்ந்ததும் காலனிக்கு நடங்கள். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று திசைவாரியாகப் பிரித்த குவார்ட்டர்ஸ். வீட்டின் அளவைப் பார்த்தே உள்ளே இருப்பவரின் பதவியை ஊகிக்கலாம். பள்ளி, மருத்துவமனை, மைதானம் எல்லாம் ஆலையைச் சுற்றியே. சிகாகோவுக்கு அருகே ரயில் பெட்டி முதலாளி புல்மன் 1880-களில் கட்டிய தொழிலாளர் ஊரும் இப்படித்தான் இருந்தது. அவர் கூலியைக் குறைத்தார், வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894-இல் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. அந்த ஊர் இன்று தேசிய வரலாற்றுப் பூங்கா. ஐ.சி.எஃப் காலனியிலோ வீடு அரசாங்கத்துடையது. குடியிருப்பவருக்கு வீட்டு வாடகைப்படி கிடையாது, ஓய்வு பெற்றால் காலி செய்துவிட வேண்டும். அதனால் காலனியின் பழைய கதை கேட்க வேண்டுமானால் காலனிக்குள் தேடாதீர்கள். வில்லிவாக்கம் டீக்கடையில் உட்காருங்கள். ஓய்வு பெற்ற யாராவது அகப்படுவார்.

ஒரு வேண்டுகோள்: இது மக்கள் வாழும் இடம். வீட்டு வாசல்களில் கேமராவை நீட்டாதீர்கள். ஆலை வாசலிலும் அப்படியே, காவலர்கள் தடுப்பார்கள்.

நேரம் மிஞ்சினால் வில்லிவாக்கத்திலிருந்து சென்ட்ரல் பக்கம் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்காருங்கள். அடுத்தடுத்து வரும் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ் நிலையங்கள் ஐ.சி.எஃப்-க்கும் மூத்த பட்டறைகளின் பெயரைத் தாங்கி நிற்பவை.