ஒரே ரயில், மூன்று நிறுத்தங்கள்

மும்பையில் பிறந்த நம் பிள்ளைகள், "நாம் ஏன் இங்கே வந்தோம்?" என்று கேட்டால், "பிழைப்புக்காக" என்று ஒரே சொல்லில் முடித்து விடுகிறோம். ஆனால் அந்தப் பிழைப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. தொழில் எதுவோ அதற்கேற்ப நாம் குடியிருந்த இடமும் வாழ்க்கையும் அமைந்தன.

பாதை: 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடியது. 1871-ல் ஜி.ஐ.பி. ரயில்வேயும் மெட்ராஸ் ரயில்வேயும் ராய்ச்சூரில் இணைந்தன. பம்பாய்க்கும் சென்னைக்கும் இருப்புப்பாதைத் தொடர்பு ஏற்பட்டது.

தாராவி: தோல் பதனிடும் சாலைகளை அன்றைய நகரத்துக்கு வெளியே, மாஹிம் கழிமுகத்தை ஒட்டி வைத்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம் வணிகர்களும் தொழிலாளர்களும், ஆதி திராவிடக் குடும்பங்களும் வந்தனர். மற்றவர் தொடத் தயங்கிய வேலை அது. ஊரில் இருந்த சாதிப் பிரிவு ரயிலேறி இங்கும் வந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் கையில் ரொக்கக் கூலி கிடைத்தது; அதைக் கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

மாட்டுங்கா: 1896-ல் பிளேக் நோய் பரவியபின், 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. அது வகுத்த திட்டத்தில் தாதர், மாட்டுங்கா பகுதிகள் உருவாயின. 1915-ல் மாட்டுங்கா ரயில்வே பணிமனை வந்தது. ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றவர்களுக்கு வங்கிகளிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்தது.

செம்பூர்: சுதந்திரத்துக்குப் பின் டிராம்பேயில் பெருந்தொழில்கள் எழுந்தன. 1954, 1955-ல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், 1954-ல் அணுசக்தி நிலையம், 1965-ல் உரத்தொழிற்சாலை. பொறியாளரும் விஞ்ஞானியும் டெக்னீஷியனுமாகத் தமிழர் வந்து செம்பூர் வட்டாரத்தில் குடியேறினர்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலேயா ரப்பர் தோட்டத்திலும் இதையே காண்கிறோம். கங்காணி திரட்டிச் சென்ற கூட்டம், லயத்து வீடுகளில் தனிச் சமூகமாயிற்று.

தொழில் நிலையானதன்று. 1971-ல் தேவனாரில் புதிய இறைச்சிக்கூடம் வந்தது. தாராவியில் தோல் பதனிடுதல் தேய்ந்து, பை, பெல்ட் தைக்கும் வேலை மிஞ்சியது. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் பஞ்சாலைகள் பல மூடின. இப்போது மறுசீரமைப்புத் திட்டத்தால் தாராவிக் குடும்பங்கள், "வீடு எங்கே கிடைக்கும், பட்டறை எங்கே போகும்?" என்று கலங்கி நிற்கின்றன.

இருப்புப்பாதையின் ஒரு பக்கம் மாட்டுங்கா, மறுபக்கம் தாராவி. நாற்பதாண்டு ரயில்வேயில் இருந்த நான், பணி நாட்களில் அந்தப் பாதையைக் கடந்து ஒரு தாராவித் தமிழர் வீட்டுக்குச் சென்றதில்லை. இதை வெட்கத்துடன் எழுதுகிறேன். நம்மைப் பிரித்து வைத்தது தொழில். அந்தத் தொழில்களே மாறிவிட்டன. பிரிவு மட்டும் எதற்கு?

பிள்ளைகளுக்குப் பயிற்சி: உங்கள் குடும்பத்தில் முதலில் மும்பை வந்தவர் யார்? எந்த ஆண்டு, எந்த வேலைக்கு? தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பத்து வரிகளில் தமிழில் எழுதுங்கள். பிறகு, வேறு பேட்டையில் வசிக்கும் ஒரு தமிழ் நண்பனின் வீட்டுக் கதையையும் கேட்டு அதன் பக்கத்தில் எழுதுங்கள்.