ஆங்கிலம் பயில்வோம்: பெட்டிக்குள் இருக்கும் சொற்கள்

அகராதியைப் பார்த்துப் பத்துச் சொற்களை மனனம் செய்கிறோம். மறுவாரம் எட்டு மறந்து போகிறது. கருத்தோடு ஒரு வசனத்தையும் சேர்த்துப் படித்தால் சொல் மனத்தில் நிற்கும். ஹந்தானை, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்துக் குடும்பங்கள் பல, பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பழைய கடதாசிகளின் சொற்கள் சிலவற்றை இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலாவது 'டிசென்ட்'. இறங்குதல் என்று பொருள். 'தி டிசென்ட் ஃப்ரம் கடுகண்ணாவை இஸ் ஸ்டீப்' என்றால், கடுகண்ணாவையிலிருந்து இறக்கம் செங்குத்தானது என்பதாகும். வமிசவழி என்ற கருத்தும் இதற்குண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் கொண்டது அந்தக் கருத்தையே. ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனாரும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பிராவில் பிறந்த பூட்டனாருக்குச் சாட்சிப் பத்திரம் தேடி எங்கே போவது? (எழுதும்போது கவனம்: நடுவில் 'எஸ்', 'ஸீ' இரண்டும் வரவேண்டும். இரண்டு 'எஸ்' போட்டால் அதே ஓசையில் 'மறுப்பு' என்ற வேறு சொல்லாகிவிடும்.)

'ஸ்டேட்லெஸ்': 'லெஸ்' என்ற விகுதி இல்லாமையைக் குறிக்கும். ஹோம்லெஸ், வீடற்றவர், ஸ்டேட்லெஸ், நாடற்றவர். நம்மவர்க்கு எஸ்டேட் இருந்தது, ஸ்டேட் இருக்கவில்லை.

'ரிப்பேட்ரியேட்' சற்றுக் கடினமான சொல். 'பாத்ரியா' இலத்தீனில் தந்தையர் நாடு. இலத்தீன் பூசை கண்ட பெரியவர்களுக்குப் 'பாத்தர் நோஸ்தர்' ஞாபகமிருக்கும், அதே 'பாத்தர்'தான். 'ரி' என்றால் திரும்பவும். ஆகவே, ஒருவரை அவருடைய சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அதன்படி எத்தனையோ குடும்பங்கள் கோச்சியில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போயின. 'தே வேர் ரிப்பேட்ரியேட்டட் டு இந்தியா' என்ற வசனத்தில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் போனவர்களிற் பலர் இந்தியாவைக் கண்ணாலும் கண்டதில்லை. முதன்முறை போகிறவருக்கு 'ரி' எப்படிப் பொருந்தும்? தமிழகத்திலும் 'தாயகம் திரும்பியோர்' என்றே எழுதினார்கள்.

கடைசியாக 'கிராண்ட்': அதிகாரமுள்ளவர் ஒன்றை வழங்குதல். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் என்றே பெயர் பெற்றது. ஆங்கிலப் பெயரின் முதற்சொல்லே 'கிராண்ட்'. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு 'ரெஸ்டோர்' என்று இன்னொரு சொல் உண்டு. 1947 பொதுத்தேர்தலில் வாக்களித்தவர்களின் பிள்ளைகளுக்கு எது பொருந்தும்?

பயிற்சி: இரண்டு சொற்களையும் வைத்துத் தனித்தனி வசனம் எழுதி, வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.